எண்ணூத்தம்பது ரூபாய் பிஸ்கோத்து

வாங்கம்மா, வாங்க. செருப்பு வெளிய கெடக்கட்டும், ஒண்ணும் ஆவாது. பிஸ்கோத்து ஆர்டர் குடுக்கத்தான வந்திய? உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும், எனக்கு மாதிரியே. இதுல உக்காருங்க.

என் வீட்டுக்காரி ஜெசிந்தா உள்ளதான் இருக்கா. கையில கோன் புடிச்சிருக்கா. மருதாணி கோன் இருக்குல்ல, அதே மாதிரிதான், உள்ள சீனி மாவக் கொழைச்சு கலர் போட்டு அடைச்சிருப்பா. ஒரு கோடு ஆரம்பிச்சிட்டான்னா அது முடியிற வரைக்கும் மாதாவே வந்து கூப்பிட்டாலும் "இந்தா வாரேன் தாயே, ஒரு நிமிஷம்"னுதான் சொல்லுவா. கொஞ்சம் பொறுங்க. பிஸ்கோத்துன்னு நான் சொன்னத அவகிட்டச் சொல்லிராதிய. குக்கீஸ்னு சொல்லணுமாம்.

என்னது? ஒண்ணு என்ன விலையா?

அத மட்டும் என்கிட்டக் கேக்காதிய. முட்டை போடுதாளா, கேளுங்க, சொல்லுதேன். எத்தனை நாள் கெடாம இருக்கும், கேளுங்க, சொல்லுதேன். விலை மட்டும் நான் சொல்லக் கூடாது. இந்த வீட்டுச் சட்டம். நானா மனசு வச்சு விட்டுக் குடுத்ததுதான், அது வேற. ஆனா சட்டம்னா சட்டம்.

சிரிக்கிய. விலை சொல்லத் தெரியாத ஆளுன்னு நெனச்சிராதியம்மா. திரேஸ்புரம் கரையில போய் ஏலக்கார சந்தியாகு யாருன்னு கேட்டுப் பாருங்க. முப்பத்தெட்டு வருஷம். வள்ளம் கரை தட்டுனதும் மீனக் கொட்டி, கூறு கூறா குவிச்சு வச்சு, சுத்தி நிக்கிற ஏவாரி மொகத்தப் பாத்து ஏலம் கூறுதவன் நான். எவன் பையில எவ்வளவு இருக்குன்னு அவன் முழிய வச்சே சொல்லிருவேன். பை காலியாகப் போறவன் எச்சில் முழுங்குவான், தெரியுமா? அங்க ஒரு தட்டு தட்டுனா போதும், கடைசி ரூவாயும் வெளிய வந்துரும். முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் மணல்ல நிக்கக் கூடாதுன்னுட்டார். இல்லன்னா இந்த நேரம் நீங்க என்னிய இங்க பாக்க முடியுமா?

மூணு வருஷம் ஆச்சு. மக மஸ்கட்ல இருக்கா, அவ வாங்கிப் போட்ட வீடு இது. முப்பத்திரெண்டு வீடு, லிஃப்ட் இருக்கு, கடல் மட்டும் இல்ல. மொத வருஷம் நான் இந்த பால்கனியில உக்காந்து கீழ நிக்கிற வண்டிய எண்ணிக்கிட்டு இருந்தேன். ஜெசிந்தாவுக்கு மக ஓவன் ஒண்ணு வாங்கிக் குடுத்துட்டுப் போனா. இவ போன்ல பாத்துப் பாத்துப் படிச்சா. சின்ன வயசுல கன்னியாஸ்திரிங்க மடத்துல பூத்தையல் போட்ட கை, கேக்கணுமா? ரோஜா போட்டா எறும்பு ஏமாந்துரும். சீனிக்கு வந்த எறும்புதான், இருந்தாலும் சொல்லுதேன்.

சரி, கதைக்கு வாரேன். எங்க விட்டேன்? விலை.

இந்தக் குடியிருப்புப் பொம்பளைங்க ஒவ்வொருத்தரா வந்து, "ஆன்டி, நம்ம பிள்ளை பொறந்த நாளுக்கு இருபது போட்டுக் குடுங்க"ம்பாவ. இவளும் ரெண்டு நாள் குனிஞ்ச தலை நிமிராம போட்டுக் குடுப்பா. "எவ்வளவு ஆன்டி?"ன்னு கேட்டா அங்கதான் வரும் வினை. இவ முந்தானை நுனியத் திருகிக்கிட்டு நிப்பா. "ஒங்களுக்குப் போய் விலையா? ஏதோ பாத்துக் குடுங்க"ம்பா. பாத்துக் குடுத்தாவ! ஒருத்தி இருபது பிஸ்கோத்துக்கு நூறு ரூவா குடுத்தா. இன்னொருத்தி, காலி டப்பாவத் திருப்பிக் குடுக்கக் கூடாதுன்னு அதுல முருங்கைக்காய் நறுக்கிப் போட்டுக் குடுத்தா. விலையும் அதுதான்! ஒரு வாரம் முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டோம்மா. எனக்கு நெஞ்சு பொறுக்கல. சாம்பாரச் சொல்லல, விலையச் சொல்லுதேன்.

அப்பத்தான் நான் எறங்குனேன். போன வருஷம் டிசம்பர் ஒண்ணாந் தேதி. "ஜெசிந்தா, நீ சரக்குப் போடு. விலைய என்கிட்ட விடு"ன்னேன். அவளுக்கும் சந்தோஷந்தான். என் முட்டி போனதுக்கு அப்பறம் நான் எந்திரிச்சு நின்னு பேசுனதே அன்னிக்குத்தான்னு சொன்னா.

கீழ வண்டி நிறுத்துற எடத்துல ஒரு மேசை போட்டேன். வெள்ளை விரிப்பு. அதுல நட்சத்திரம், மணி, தேவதூதர், கிறிஸ்மஸ் தாத்தா எல்லாத்தையும் பரப்புனேன். கூட்டம் சேந்ததும் தொண்டையச் செருமுனேன் பாருங்க, மூணு மாடிக்கு சன்னல் தொறந்துச்சு. "நட்சத்திரம்! அஞ்சு மூலை நட்சத்திரம்! இருவது... இருவத்தஞ்சு டீச்சரம்மா... முப்பது, மாடி வீட்டுக்கார அம்மா... ஒரு தரம்!" பிள்ளைங்க எல்லாம் துள்ளுதுங்க. ஒத்த நட்சத்திரம் அறுபது ரூவாய்க்குப் போச்சு. அறுபது! முருங்கைக்காய் எங்க, அறுபது எங்க?

ஜெசிந்தா எனக்குப் பின்னாலதான் நின்னா. வள்ளத்துக்காரன் அப்பிடித்தான் நிப்பான், ஏலக்காரனுக்குப் பின்னால, கையக் கட்டிக்கிட்டு. "ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? எதுக்கு எவ்வளவு வேலைன்னு எனக்குத் தெரியும், நானே ஒரு விலை..."ன்னு ஆரம்பிச்சா. நான் கையக் காட்டி நிறுத்திட்டேன். சரக்குக்காரன் வாயத் தொறந்தா விலை விழுந்துரும், இது கடக்கரைப் பாடம். விலையக் கூட்டம் சொல்லணும், ஏலக்காரன் கேக்கணும், சரக்குக்காரன் வாங்கிக்கணும். அவ்வளவுதான். அவளும் வாய மூடிக்கிட்டா. நல்ல மனுஷி, சொன்னாக் கேப்பா.

என்ன ஜெசிந்தா? இல்ல, ஒண்ணுமில்ல. ஒரு அம்மா வந்திருக்காவ, சும்மா பேசிக்கிட்டு இருக்கோம். நீ கோட்ட முடி.

காது பாத்தியளா? கை அங்க இருக்கும், காது இங்க இருக்கும்.

மொத நாள் சாயங்காலம் அஞ்சரை மணிக்கு ஒரு ஏழெட்டு மிச்சம் கெடந்துச்சு. மிச்சம் கெடந்தா என்ன செய்யணும்? கடக்கரையில நேரம் ஆக ஆக மீன் கண்ணு கலங்கும். கலங்குன மீன வச்சிக்கிட்டு இருக்கப்பிடாது, வந்த விலைக்குத் தள்ளணும். தள்ளிட்டேன். பத்து ரூவாய்க்கு ஒண்ணு. ஜெசிந்தா பின்னால இருந்து மெதுவா, "ஏங்க, இது ஒரு மாசம் இருக்கும்ங்க. நாறாதுங்க"ன்னா. "ஒனக்கு ஏவாரம் தெரியாது, சும்மாரு"ன்னேன்.

ரெண்டாம் நாள் மிச்சம் பதினஞ்சு. மூணாம் நாள் பாதிக்குப் பாதி. அஞ்சாம் நாள் காலையில பத்து மணிக்கு நான் மேசையப் போட்டுத் தொண்டையச் செருமுனா, ஒரு சன்னல் தொறக்கல. வாட்ச்மேனும் ஒரு பூனையுந்தான் நிக்காவ. சாயங்காலம் அஞ்சு இருவதுக்கு எறங்கி வாராவ பாருங்க, முப்பத்திரெண்டு வீட்டுப் பொம்பளைங்களும், ஆளுக்கு ஒரு எவர்சில்வர் தட்டோட! என் வாயையே பாத்துக்கிட்டு நிக்காவ, எப்ப பத்து ரூவான்னு சொல்லுவேன்னு. என்ன சனங்கம்மா! நான் கத்துக் குடுத்த தொழில எனக்கே திருப்பிக் காட்டுதாவ.

சரி, கூட்டம் வந்துருச்சே, கூறு போட்டாவது தள்ளுவோம்னு பத்துப் பத்தாக் குவிச்சு வச்சேன். மீனு அடுக்குனா ஒண்ணும் ஆவாது, வழுக்கிக்கிட்டு படுத்துக்கிடும். இது என்னடான்னா தேவதூதருக்கு ரெக்கை ஒடிஞ்சு போச்சு. கிறிஸ்மஸ் தாத்தாவுக்கு மூக்கு இல்ல. நம்ம ஊர் உப்புக்காத்துல அந்த ஐசிங் காயிறதுக்கே ஆறு மணி நேரம் ஆவும்மா, ஒரு கலர் காஞ்சாத்தான் அடுத்த கலர் வைக்க முடியும். இல்லன்னா செவப்பும் வெள்ளையும் ஒண்ணா ஓடிரும். அதெல்லாம் அவ ஃபேனுக்கு அடியில உக்காந்து விசிறி விசிறி காய வச்சது. நான் அத நெத்திலி மாதிரி அள்ளிப் போட்டேன். அவ ஒடிஞ்ச ரெக்கைய எல்லாம் ஒரு கிண்ணத்துல பொறுக்குனா. எனக்கு அப்பவே ஒரைச்சிருக்கணும். ஒரைக்கல.

இனிதான் விஷயமே. டிசம்பர் பதினெட்டு. அன்னிக்கு அஞ்சே முக்காலுக்குள்ள எல்லாம் போயிருச்சு, மேசை காலி. இன்னும் நாலு பேர் தட்டோட நிக்காவ. வந்த கூட்டத்த வெறுங்கையோட அனுப்பலாமா? மேல வந்து பாத்தேன். அலமாரி உச்சியில, மாவு டின்னுக்குப் பின்னால ஒரு சின்னப் பெட்டி. உள்ள வெண்ணெய்த் தாள் சுத்தி ஒத்தப் பிஸ்கோத்து. மீனு! விளமீன், உள்ளங்கை அகலம். சரி, இவ மறந்து வச்சிட்டா போலன்னு கீழ கொண்டு போய், பத்து ரூவாய்க்கு ரெண்டாம் மாடி ஹெப்சிபா டீச்சர் தட்டுல போட்டுட்டு வந்தேன். கணக்கு டீச்சரா இருந்து ஓய்வானவ. மகா கெட்டிக்காரி.

மேல வந்தா, ஜெசிந்தா காலிப் பெட்டியக் கையில வச்சிக்கிட்டு நிக்கா. "எங்க?"ன்னா. "வித்தாச்சு"ன்னேன், பெருமையா. "எவ்வளவுக்கு?"ன்னா. "பத்து. நேரம் ஆயிருச்சுல்லா"ன்னேன். அவ பெட்டிய மூடி வச்சா. கோனை எல்லாம் கழுவிக் கவுத்தா. ஓவன் மேல ஒரு துணியப் போட்டு மூடிட்டு செபமாலைய எடுத்துக்கிட்டு உக்காந்துட்டா.

மறுநாள் ஓவன் தொறக்கல. அதுக்கு மறுநாளும் இல்ல. கிறிஸ்மஸுக்கு அஞ்சு நாள் இருக்கு! மாவு வாங்கிக் கெடக்கு, ஆளுங்க வந்து கேக்காவ, இவ "முடியலம்மா"ங்கா. "ஒடம்பு சரியில்லையா?"ன்னு கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு"ன்னா. "கோவமா?"ன்னேன். "எனக்கு என்ன கோவம்?"ன்னா. பொம்பளைங்க எனக்கு என்ன கோவம்னு கேட்டா, நாப்பது வருஷத்துக்கு முந்துன கோவமும் சேந்து வருதுன்னு அர்த்தம். நீங்க ஒண்ணும் நெனச்சிக்கிடாதிய.

கடைசில இருபதாந் தேதி மத்தியானம் சோத்தப் போட்டுட்டு, தட்டப் பாத்துக்கிட்டே சொன்னா. "அது கறிமீனுங்க."

அள்ளுன சோத்தத் தட்டுலயே போட்டுட்டேன்.

ஒங்களுக்குத் தெரியாது. சொல்லுதேன். வள்ளம் கரைக்கு வந்ததும், மீனக் கொட்டுததுக்கு முன்னாலயே, கடலுக்குப் போன ஒவ்வொருத்தனும் தன் வீட்டுக் கறிக்கு ஒரு மீன எடுத்துத் தனியா வச்சிருவான். அதுதான் கறிமீன். அது எவ்வளவு பெரிய மீனா இருக்கட்டும், எவ்வளவு விலை போறதா இருக்கட்டும், ஏலக்காரன் அதத் தொடப்பிடாது. கண்ணால பாக்கப்பிடாது. அது வீட்டுக்கு. முப்பத்தெட்டு வருஷத்துல எவனோட கறிமீனையும் நான் ஏலத்துல வச்சது இல்லம்மா. என் வீட்டுக் கறிமீன வச்சிட்டேன்.

எனக்குத்தான் அதப் போட்டிருக்கா. ரெண்டு வருஷமா கரைக்குப் போக முடியாம பால்கனியில வண்டிய எண்ணிக்கிட்டு இருக்கேனேன்னு. கிறிஸ்மஸ் அன்னிக்குக் காலையில தட்டுல வச்சுக் குடுக்கலாம்னு. ரெண்டு நாள் வேலையாம். செதில் செதிலா, ஒவ்வொண்ணும் தனித்தனியா. கண்ணு மட்டும் ஏழு தடவை சொரண்டிட்டுத் திரும்ப வச்சாளாம். ஏன்னா நான் எப்பவும் சொல்லுவேன், மீன்ல கண்ணத்தான் பாக்கணும், கண்ணு தெளிவா இருந்தாத்தான் அது இன்னிக்குப் புடிச்ச மீனுன்னு. கண்ணு கலங்காம வரணும்னு ஏழு தடவை. நான் அது கண்ணப் பாக்கவே இல்லம்மா. அஞ்சே முக்கால் ஆயிருச்சுன்னு கடிகாரத்தத்தான் பாத்தேன். வெக்கமா இருந்துச்சு. ஒங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கணும், ரொம்ப வெக்கமா இருந்துச்சு.

கைய அலம்பிட்டு எந்திரிச்சேன். ஜெசிந்தா சட்டையக் கொண்டாந்து குடுத்தா. "எங்கயும் போறதா இருந்தா அப்பிடியே வெண்ணெய் வாங்கிட்டு வந்துருங்க"ன்னு பையில ரூவாயும் வச்சா. வெண்ணெய்க்குத் துட்டு குடுத்தாளே, அப்ப கோவம் தணியுதுன்னு ஒரு தெம்பு வந்துச்சு. நேரா ரெண்டாம் மாடி.

ஹெப்சிபா டீச்சர் அதத் திங்கல, ஆண்டவருக்கு நன்றி. கண்ணாடி அலமாரியில, அவ பரிசா வாங்குன கோப்பைக்குப் பக்கத்துல நிக்க வச்சிருக்கா. "டீச்சர், ஒரு தப்பு நடந்து போச்சு. இந்தாங்க பத்து ரூவா, அதக் குடுத்துருங்க"ன்னேன்.

அவ மூக்குக் கண்ணாடியத் தூக்கி விட்டுக்கிட்டு, "பத்தா? அது என்கிட்ட வந்தப்ப உள்ள விலை அண்ணாச்சி. இப்ப சரக்கு என் கையில"ங்கா.

"சரி, இருவது."

"சரக்குக்காரன் விலை சொல்லக் கூடாது, கூட்டந்தான் சொல்லணும்னு நீங்கதான கீழ நின்னு சொன்னிய? அந்த முறையே நல்ல முறை"ன்னுட்டு போன எடுத்தா. "இதையே கேட்டு இன்னொரு பார்ட்டியும் இருக்காவ. இருங்க, லைன்ல வாராவ. ஏலம் வச்சிருவோம்."

நான் என்ன செய்ய? என் வலையில நானே கெடக்கேன். கதவு தொறந்து கெடந்ததா, படிக்கட்டுல ஆள் கூடிருச்சு. தட்டு இல்லாம வந்தாவ அன்னிக்கு. டீச்சர் போனக் காதுல வச்சிக்கிட்டு, "அம்பது!"ன்னா. நான் அறுபதுன்னேன். போன்ல நூறாம். நான் நூத்திப் பத்து. போன்ல இருநூறு! யாரும்மா அந்த ஆளு? ஒரு பிஸ்கோத்துக்கு! வெளியூர்ப் பார்ட்டின்னு மட்டுந்தான் டீச்சர் சொன்னா. நல்ல கை, அத ஒத்துக்கிடணும். தயங்கவே இல்ல. நான் ஒரு படி ஏறுனா அது ரெண்டு படி ஏறுது. முந்நூறு, முந்நூத்தம்பது, நானூறு. வாழ்நாள் பூரா ஏலம் கூறுன நான் அன்னிக்குத்தான் மொதமொதல்ல ஏலம் கேக்கேன். முட்டி வலி எங்க போச்சுன்னே தெரியல. ஐநூறு! ஐநூத்தம்பது! பின்னால இருந்து வாட்ச்மேன், "விட்டுராதிய அய்யா"ங்கான்.

எழுநூறு தாண்டும்போதுதான் சட்டைப் பையத் தொட்டுப் பாத்தேன். எண்ணூத்தம்பது இருந்துச்சு, வெண்ணெய்த் துட்டு. அதுக்கு மேல ஒத்தக் காசு இல்ல. எச்சில் முழுங்கக் கூடாது, முழுங்குனா தெரிஞ்சு போவும்னு வாய இறுக்கி வச்சிருக்கேன். போன்ல எண்ணூறுன்னாவ. நான் எண்ணூத்திப் பத்து. போன்ல எண்ணூத்தி நாப்பது.

கண்ண மூடிக்கிட்டேன். கரையில நின்னு கூவுனா வள்ளத்துல கேக்குமே, அந்தக் குரல எடுத்தேன். "எண்ணூத்தம்பது!"

டீச்சர் காத்துக்கிட்டு நிக்கா. போன்ல மூச்சு இல்ல. இன்னும் ஒரு பத்து ரூவா அந்தப் பக்கம் சொன்னா நான் காலி. என் மீனு காலி. "ஒரு தரம்"ங்கா டீச்சர். சத்தம் இல்ல. "ரெண்டு தரம்." சத்தம் இல்ல. "மூணு தரம், அண்ணாச்சிக்கு!" அடிச்சாவ பாருங்க கை, படிக்கட்டே அதிந்துச்சு. அந்தப் பார்ட்டி என் குரலக் கேட்டுப் பயந்து போச்சும்மா. கடைசியில அந்த அழுத்தம் இருக்குல்ல, அதுக்கு ஈடு குடுக்க எவனாலயும் முடியாது. முப்பத்தெட்டு வருஷக் குரலு.

ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு வந்தேன். லிஃப்ட் குலுக்கும், வேண்டாம்னு படியிலயே ஏறுனேன், இந்த முட்டிய வச்சிக்கிட்டு. ஜெசிந்தா மொட்டை மாடியில இருந்து எறங்கி வாரா, ஒரு கையில காஞ்ச துணி, ஒரு கையில போனு. அவ கையில மீன வச்சேன். "எவ்வளவுக்கு?"ன்னா. அன்னிக்கு மாதிரியே கேட்டா. "எண்ணூத்தம்பது"ன்னேன். மொகத்தத் திருப்பிக்கிட்டா. தோள் குலுங்குது. அழுதாளா சிரிச்சாளான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அப்பறமா, "வெண்ணெய்?"ன்னா. "நாளைக்கு"ன்னேன்.

இதுல ஒரு அதிசயம் கேளுங்க. மறுநாள் காலையில ஹெப்சிபா டீச்சர் வந்து, சர்ச்சுக்கு நூறு வேணும்னு ஆர்டர் குடுத்துட்டு முன்பணம் வச்சா. எவ்வளவு? சரியா எண்ணூத்தம்பது! நான் குடுத்த அதே ஐநூறு ரூவா நோட்டு, மூலையில பச்சைக் கலர் ஐசிங் ஒட்டுனது. நல்ல காசு சுத்தி வீட்டுக்கு வந்துரும்னு சும்மாவா சொல்லுதாவ?

அன்னிக்கு ஓவன் மேல கெடந்த துணிய ஜெசிந்தா எடுத்தா. எடுத்துட்டு, "ஏங்க, இனிமே விலைய நான் சொல்லுதேன்"ன்னா. நானும் யோசிச்சேன். எண்ணூத்தம்பதுக்கு ஒத்தப் பிஸ்கோத்து ஏலம் போயிருக்கு, இந்த ஊர்ல இதுக்கு மேல ஒரு ஏலக்காரன் சாதிக்க என்ன இருக்கு? பேர் இருக்கும்போதே எறங்கிறணும். சரின்னு பெரிய மனசோட விட்டுக் குடுத்தேன்.

அவ விலை போடுத முறையே வேற. கலருக்கு விலை. ஒத்தக் கலர்னா ஒரு விலை, ஒவ்வொரு கலர் கூடும்போதும் இவ்வளவுன்னு கூடும். ஏன்னா ஒவ்வொரு கலருக்கும் அவ காத்துக் கெடக்கணும்ல, அந்தக் காத்துக் கெடக்குத நேரத்துக்குத் துட்டு. காலையிலயும் அதே விலை, சாயங்காலமும் அதே விலை. மொதல்ல முணுமுணுத்தாவ. தட்டோட வந்து நின்னாவ. ஒருத்தி, "கொறைச்சுக்கிடுங்க ஆன்டி"ன்னா. நான் உள்ள இருந்து பாக்கேன், முந்தானையத் திருகப் போறா, அவ்வளவுதான்னு. இவ சிரிச்சுக்கிட்டே, "விலை கொறையாதும்மா. வேணும்னா ஒரு கலரக் கொறைச்சுக்கிடலாம்"ங்கா! அந்த அம்மா மூணு கலரையும் வாங்கிட்டுப் போனா. முப்பத்தெட்டு வருஷத்துல இப்பிடி ஒரு பதில் எனக்குத் தோணினது இல்ல. என்கூட இருந்து கத்துக்கிட்டான்னு வையுங்களேன்.

அந்த மீனா? திங்கல. எப்பிடித் திங்கிறது? அந்தா பாருங்க, மாதா சுரூபத்துக்குப் பக்கத்துல, கண்ணாடிப் பெட்டியில. கிட்டப் போய்ப் பாருங்க. கண்ணப் பாருங்கம்மா, ஒரு வருஷம் ஆவப் போவுது, கலங்கல பாருங்க. ஒரே ஒரு வெசனந்தான் எனக்கு. அந்த போன் பார்ட்டி யாருன்னு தெரிஞ்சிருந்தா ஒரு டீ வாங்கிக் குடுத்திருப்பேன். பாவம், நல்ல கை, என் குரலுக்குப் பயந்து...

என்ன ஜெசிந்தா? கோடு முடிஞ்சுதா? என்ன சொல்லுத?

பயந்தெல்லாம் விடலையா? யாரு விடல?

என் பையில எண்ணூத்தம்பதுதான இருந்துச்சுங்கியா? ஆமா, அவ்வளவுதான் இருந்துச்சு. வெண்ணெய்க்கு நீதான எண்ணி வச்ச. அது ஒனக்குத் தெரியும். போன்ல இருந்த ஆளுக்கு எப்பிடி...

அடிப் பாவி.

மொட்டை மாடியில துணி எடுத்தியா நீ? துணியா எடுத்த? ஏட்டி, சரக்குக்காரனே ஏலம் கேக்கப்பிடாதுட்டி! கரையில எவனாவது அப்பிடிக் கேட்டா நான் மூஞ்சியப் பாத்தே புடிச்சிருவேன், தெரியுமா? முப்பத்தெட்டு வருஷம் ஒருத்தன் என்னிய ஏமாத்துனது கிடையாது. இந்த டீச்சரும் கூட்டு. வாட்ச்மேனுக்குந் தெரியுமா? எல்லாருக்குமா?

சிரிக்காதிய நீங்க. இருங்கம்மா, ஒரு நிமிஷம், இது ஒண்ணு மட்டும் கேட்டுக்கிடுதேன். ஏ ஜெசிந்தா! அன்னிக்கு என் பையில ஆயிரம் ரூவா இருந்திருந்தா?

கேட்டியளா? "ஆயிரத்துக்கு விட்டிருப்பேன்"ங்கா.